ஈர டயரில் சாக்பீஸ்

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வரும் லாரி முதலில் கேட்டில் நிற்கும். டிரைவர் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புடைத்திருக்கும் ஹப்பில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை டயரோடு நான்கு. எல்லாம் சரியாக இருந்தால் "ஆறும் பச்சை" என்பார். கேட்டில் இருக்கிறவன் ஆறு இடத்திலும் டயரின் ஓரத்தில் சாக்பீஸால் டிக் போடுவான். டிக் இல்லாத லாரி கிடங்குச் சுவரை நெருங்கக் கூடாது.

பிரேக் விடாமல் கவ்விக்கொண்டால் உள்ளே இருக்கும் டிரம் பழுக்கும். வண்டி ஓடுகிற வரை காற்று பட்டு ஏதோ சமாளிக்கும். நின்ற பிறகுதான் சூடு முழுதும் டயருக்கு ஏறும். ஓட்டிக்கொண்டு வந்தவன் கைகால் கழுவி டீயை வாயில் வைக்கும்போது வண்டி எரியும். எங்கள் கிடங்கின் பின்சுவரில் அப்படி ஒரு வண்டி விட்டுப்போன கரி இன்னும் இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் போகவில்லை.

கேட்டில் இருக்கிறவன் நான். சாக்பீஸ் என்னுடையது, கை டிரைவருடையது. டிரைவர் தொட்ட ஹப்பை நான் மறுபடி தொட்டால், 'நீ பொய் சொல்கிறாய்' என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தம். அதனால் நான் தொடுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவனும் தொட்டதில்லை.

சூடு பார்க்க ஆபீஸில் ஒரு துப்பாக்கி மாதிரிக் கருவி கொடுத்திருந்தார்கள். நீட்டி அழுத்தினால் எண் வரும். கொஞ்ச நாள் அதை வைத்து டீயைச் சுட்டோம், ஒருவர் நெற்றியை ஒருவர் சுட்டோம். பிறகு கேட் ரூம் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. கருவியிலிருந்த பேட்டரியைக் கழற்றி அதில் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் மாமா.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். யார்டில் அவர் பெயர் தெர்மாமீட்டர். ஹப்பில் புறங்கையை வைத்துவிட்டு "நாப்பது" என்பார், "அறுபது, ஒரு டீ அடிச்சிட்டுப் போ" என்பார். துப்பாக்கி வந்த புதிதில் இரண்டையும் போட்டிக்கு விட்டார்கள். இரண்டு டிகிரிக்கு மேல் அவர் தப்பவில்லை. இவர் இருக்கும்போது அது எதற்கு என்று ஆகிவிட்டது. மற்ற டிரைவர்கள்கூடச் சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வார்கள்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் இதே யார்டில் நான்கு வருடம் இரவு ஷிப்டில் இருந்தேன். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாமா சூப்பர்வைசரிடம் பேசிப் பகல் கேட்டில் உட்கார வைத்தார். "இவனுக்கு வெளிச்சம் பட்டா சரியாயிடுவான், செடி மாதிரி" என்று சொன்னாராம். நான் அவ்வளவாகச் சரியாகவில்லை. ஆனால் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் மாமா கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைச் சாக்குப் போட்டுத் திருகினார். செய்யக் கூடாது என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். எல்லாரும் செய்வார்கள். வெந்நீர் பீய்ச்சி வலது கையை விரல் கணுவிலிருந்து முழங்கை வரை வேகவைத்தது. நாற்பது நாள் வீட்டில் இருந்தார். புதுத் தோல் ரோஜா நிறத்தில், மயிரில்லாமல், பளபளவென்று வந்தது. "மாப்பிள்ளைக்கு மேக்கப் போட்ட மாதிரி இருக்கு" என்று காட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி எல்லா ஹப்பையும் தொட்டார்.

போன மாதம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்த பாத்திரத்தை மாமா துணியில்லாமல் புறங்கையால் நகர்த்தி வைத்தார்.

"பாத்தியா உங்க மாமாவ? கையா கரண்டியான்னே தெரியல" என்றாள் அக்கா.

"சூடு கண்ட கைடி. இனிமே எதுவும் சுடாது" என்றார் மாமா.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த வாய் சாப்பிட்டேன். யோசித்திருக்க வேண்டிய இடம் அது.

அன்று காலையிலிருந்து தூறல். பதினோரு மணி இருக்கும். மாமாவின் லாரி மலை இறங்கி வந்து கேட்டில் நின்றது. உள்ளே கூரை வரை ஸ்பாஞ்சு மெத்தைகள். ஸ்பாஞ்சு எரிகிற விதத்தை ஒரு முறை பார்த்தவன் அப்புறம் மெத்தையில் படுக்க யோசிப்பான். உருகிச் சொட்டும், சொட்டிய இடமும் எரியும், புகை இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

மாமா இறங்கினார். நனையாமல் இருக்க பில் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடது கையால் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"என்ன மாப்ள, முழிச்சிருக்கியா?"

"கண்ணு தெறந்துதான் இருக்கு மாமா."

"மாடு கூடத்தான் கண்ணத் தெறந்துட்டுத் தூங்குது."

முன் இரண்டையும் தொட்டார். பின்னால் வலது பக்கம் இரண்டு. பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம். கடைசி ஹப்பில் கையை வைத்தபடியே வீட்டுக் கூரை ஒழுகுகிற கதையைச் சொன்னார். அக்கா பக்கெட் வைத்திருக்கிறாளாம், பக்கெட் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஒழுகுகிறதாம். "உங்க அக்காவுக்குப் பயந்துதான் மழையே எடம் மாறுது" என்றார். நான் சிரிப்பதற்காக நிறுத்தினார். நான் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.

"ஆறும் பச்சை."

நான் டிக் போட்டேன். ஈர டயரில் சாக்பீஸ் பிடிக்காது. வழுக்கிக் கூழாகும். ஐந்து இடத்தில் அழுத்தித் தேய்த்து ஏதோ ஒரு வெள்ளை இழுப்பு விழுந்தது. ஆறாவது, இடது பக்கம் கடைசி, அழகாக விழுந்தது. கரும்பலகையில் எழுதியது போல. ஒன்றாவது ஒழுங்காக வந்ததே என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

லாரி மூன்றாவது வாசலுக்குப் பின்பக்கமாகப் போனது. நான் ரூமுக்குள் வந்து உட்கார்ந்து விரலைத் துடைத்தேன். விரலில் சாக்பீஸ் கூழ். அதன் மேல் உலர்ந்த தூள்.

நான் வேகமாக யோசிக்கிறவன் அல்ல. இரவு ஷிப்டில் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரே விஷயத்தை நாலு முறை யோசிப்பதுதான். தூளைப் பார்த்தேன். காலையிலிருந்து தூறுகிறது. மலை வழியெல்லாமும் மழைதான். பத்து டயரும் தண்ணீரில் உருண்டு வந்திருக்கின்றன. ஒன்று மட்டும் ஏன் உலர்ந்திருக்கிறது?

மாமா தொட்டாரே என்று தோன்றியது. தொட்டார். எவ்வளவு நேரம் தொட்டார்? ஒரு கூரைக் கதை நேரம். சூடு பார்க்கிற எவனும் அப்படித் தொடமாட்டான். நல்லா இருக்கிற ஹப்பிலேயே கையை வைத்து உடனே எடுப்பதுதான் பழக்கம். பிறகு அடுப்பிலிருந்த பாத்திரம் ஞாபகம் வந்தது.

ஓடினேன்.

நெருங்கும்போதே வாடை வந்தது. லாரி சுவரோடு ஒட்டி நின்றது. பின்கதவுகள் திறந்து, பொருள் தூக்கும் வண்டியின் இரண்டு கொம்பும் உள்ளே போயிருந்தன. அந்த வண்டியை ஓட்டுகிறவன் பெயர் நண்டு. எந்த வண்டியைக் கொடுத்தாலும் பக்கவாட்டில்தான் ஓட்டுவான். அவனுக்குப் பின்னால் கிடங்குக்குள் இன்னும் பத்து பேர். அவர்களுக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு நேற்று வந்த மெத்தைகள்.

குனிந்து பார்த்தேன். இடது கடைசி ஹப்பில் தூறல் விழ விழ, சுர் சுர் என்று காணாமல் போனது. இரட்டை டயரின் நடுவே நூல் மாதிரிப் புகை. நான் போட்ட டிக் அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மாமா, வண்டிய எடுங்க!"

அவர் கேபினில் பில்லைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இப்பத்தானடா நிறுத்தினேன்?"

"பின்னாடி லெஃப்டு புகையுது. எடுங்க மாமா!"

"நான் தொட்டுப் பாத்தேனே?"

"தொட்டீங்க. எடுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. மாட்டிக்கொண்டவன் முகம் அது. பில்லைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

"நண்டு, கொம்ப வெளிய எடு! எல்லாரும் அந்தப் பக்க வாசலால வெளிய போங்க!" என்று நான் கிடங்குக்குள் கத்தினேன்.

"சரக்கு எறக்கச் சொன்னதே நீங்கதானே? காலையில ஒண்ணு, பத்து நிமிஷத்துல ஒண்ணு" என்று நண்டு ஆரம்பித்தான். புகையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டியை நேராகப் பின்னால் எடுத்தான்.

லாரி கிளம்பியது. திறந்த கதவுகள் படபடவென்று அடித்தன, இரண்டு மெத்தை கீழே விழுந்தது. மாமா யார்டின் நடுவே, பக்கத்தில் எதுவும் இல்லாத வெற்றுத் தரையில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தும் பிரேக்கைப் போடவில்லை. போட்டால் பழுத்த டிரம்மை இன்னும் இறுக்கும். "கட்டை!" என்று கத்தினார். நான் முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். அவர் குதித்து இறங்கும்போது இரட்டை டயரின் நடுவிலிருந்து தீ எட்டிப் பார்த்தது. உள்ளங்கை அளவு. மஞ்சள். அவ்வளவு சின்னதாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு டயரை நோக்கிப் போனேன். மாமா சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"பக்கத்துல நிக்காத. டயர் வெடிச்சா மூஞ்சி இருக்காது. பின்னாலேர்ந்து அடி."

வண்டியின் பின்பக்கமாகப் போய்த் தள்ளி நின்று அடித்தேன். தூள் பறந்தது, தீ போனது. ஐந்து எண்ணுவதற்குள் திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. சிலிண்டர் காலி. அதற்குள் நண்டு லாரி கழுவும் இடத்திலிருந்து தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். குழாயும் பக்கவாட்டில்தான் வந்தது. மாமா அதை வாங்கி இரண்டு டயருக்கும் நடுவே விட்டார். ஆவி எழுந்து லாரியையே மறைத்தது. அவர் ஒரு அங்குலம் நகரவில்லை. நான் தலைக்கு மேலே மெத்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொறி போதும்.

பொறி ஏறவில்லை. கால் மணி நேரம் கழித்து உள் டயர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு இறங்கியது. நாங்களும் அப்போதுதான் மூச்சு விட்டோம். அதற்குப் பிறகும் இன்னொரு கால் மணி நேரம் தண்ணீர் விட்டோம். ஆவி நின்றது, வாடை நின்றது. கிடங்கு ஆட்கள் பத்து பேரும் மழையில் நனைந்தபடி எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

"அப்ப டீ டைம்தானே?" என்று நண்டு கேட்டான். யாரோ அவன் தலையில் தட்டினார்கள். எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

மாமா குழாயைக் கீழே போட்டபோதுதான் பார்த்தேன். வலது புறங்கையில், நடுவில், வட்டமாக, வெள்ளையாகத் தோல் கொப்புளித்துக் கிடந்தது. ஹப்பின் வட்டம். கொப்புளம் உடைந்து தண்ணீரோடு வழிந்துகொண்டிருந்தது.

"மாமா, கை."

அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு போய்க் கிடங்குப் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"வலிக்கலையா?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"கட்டுப் பிரிச்ச நாள்லேர்ந்து. பொறங்கையில ஒண்ணும் தெரியல. மரக்கட்டை."

"இடது கையால பாக்கலாமே மாமா?"

"யாரும் இல்லேன்னா அதாலதான் பாப்பேன். இன்னிக்கு அதுல பில்லு இருந்துச்சு. நீ வேற பக்கத்துல நின்ன." வழிந்த தண்ணீரைச் சட்டை நுனியில் துடைத்தார். "தெர்மாமீட்டர் கை மாத்தித் தொட்டா அந்த நண்டுப்பய ஏன்னு கேப்பான். அப்பறம் சூப்பர்வைசர் கேப்பான். ரெண்டு மாசத்துல லைசென்ஸ் புதுப்பிக்கணும். டாக்டர் கேப்பாரு. கை செத்துப்போனவனுக்கு யாரு ஸ்டீயரிங் குடுப்பா?"

"அப்ப நாப்பது, அறுபதுன்னு சொன்னதெல்லாம்?"

"வாடை. சத்தம். மிச்சம் குத்துமதிப்பு."

"ஆறு மாசமாவா?"

"ஆறு மாசமா ஒவ்வொரு தடவையும் கையை வெச்சிட்டு, கடவுளே பச்சையா இருக்கணும்னு வேண்டிப்பேன். நல்லா தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? நீ வேலைக்கு வராம ஒரு மாசம் படுத்திருந்தியே, அத நெனச்சா இப்ப பொறாமையா இருக்குடா."

அவர் தன் பங்கைச் சொல்லிவிட்டார். என் பங்கும் இருந்தது. "நானும் ஆறு மாசமா ஒண்ணையும் தொடாமதான் டிக் போட்டேன்" என்றேன். "பேட்டரியை எடுத்ததும் நான்தான்."

"நல்ல ஜோடி" என்றார் மாமா. "குருடனுக்குச் செவிடன் சாட்சி."

சொல்லிவிட்டு எழுந்து அவரே சூப்பர்வைசர் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். உள்ளே பாதியை அவர் சொன்னார், பாதியை நான். சூப்பர்வைசர் பத்து நிமிடம் கத்தினார். இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். பிறகு ஜன்னல் வழியாக நனைந்த லாரியைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேலை எங்கயும் ஓடாது" என்றார்.

அக்கா எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. நண்டுதான்.

"கரண்டின்னு வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். நிஜமாவே கரண்டியா ஆயிட்டுத் திரியிறீங்களா? பொண்டாட்டிகிட்ட மறைக்க வேற விஷயம் கிடைக்கலையா உங்களுக்கு?"

"வேற எதையும் மறைக்கிற அளவுக்கு நீ என்னை விட்டு வெச்சியா?"

அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். எங்கே அடிப்பது என்று தெரியாமல் இறக்கினாள். என் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்கு நிக்கிற? கேட்டுல உக்காந்து என்னத்த பாத்த?" சரியான கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

உள்ளே டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு மாமாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கையில் ஒரு ஊசி.

"குத்தும்போது சொல்லுங்க."

புறங்கையின் நடுவில் குத்தினார். மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளிக் குத்தினார். ஒன்றும் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே. ஒன்றும் இல்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு குத்துக்கும் அவள் நகம்தான் உள்ளே போனது. டாக்டர் கட்டைவிரல் அடிக்கு வந்தார்.

மாமா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லது" என்றார் டாக்டர். விரல் நுனி ஐந்திலும் குத்தினார், உள்ளங்கையில் குத்தினார். வார்த்தை ஒவ்வொரு முறையும் வந்தது, வெவ்வேறாக. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. பிறகு மறுபடி சிரிப்பு.

"பொறங்கையில உணர்ச்சி திரும்ப வரும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பிடி நல்லா இருக்கு, உள்ளங்கை நல்லா இருக்கு. புண்ணு ஆறட்டும்."

"வண்டி?" என்றார் மாமா.

"ஏன், ஓட்டலாமே. சூடு பாக்கத்தானே இந்தக் கை ஆகாது. அதுக்கு இன்னொரு கை இருக்கு இல்ல?"

மாமா தன் இடது கையைப் பார்த்தார். அது அத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. ஆறு மாதம் ஒளித்து வைத்த விஷயத்தை டாக்டர் ஒரு வரியில் முடித்துவிட்டார். மாமா வீட்டுக்குப் போய் மறுநாள் மதியம் வரை தூங்கினார் என்று அக்கா சொன்னாள். பக்கெட்டில் மழை சொட்டியும் எழுந்திருக்கவில்லையாம்.

நான் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றித் துப்பாக்கியில் போட்டேன். கேட் ரூமில் மணி பத்து நாற்பதோடு நின்றது. டிரைவர் தொட்ட ஒவ்வொரு ஹப்பையும் நானும் தொட ஆரம்பித்தேன், தொட்டுவிட்டுத் துப்பாக்கியையும் நீட்டினேன். முதல் வாரம் மூன்று பேர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். நஷ்டமில்லை, முன்னாலும் பெரிதாகப் பேசியதில்லை.

ஐந்து வாரம் கழித்து மாமா கையில் துணி சுற்றிக்கொண்டு வண்டியோடு வந்தார். இடது பக்கம் கடைசிச் சக்கரத்துக்குப் புது டிரம். இறங்கி இடது கையை ஹப்பில் வைத்து உடனே எடுத்தார். யார்டில் எல்லாரும் பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

"முப்பத்தஞ்சு. மாப்ள, நீயும் தொடு."

தொட்டேன். "நாப்பது" என்றேன்.

துப்பாக்கி நாற்பத்தேழு என்றது.

"ரெண்டு பேருக்கும் கை சரியில்ல" என்று தூரத்திலிருந்து நண்டு கத்தினான்.

"உன் மண்டை காலின்னு மட்டும் தொடாமலே சொல்லுவேன்டா" என்றார் மாமா.

அன்று நல்ல வெயில். ஆறு டிக்கும் ஒரே மாதிரி விழுந்தன. கேட்டைத் திறந்துவிட்டேன்.